சீட்டில் எழுதியிருந்த அந்தச் சொல் என்ன சொல்கிறது?

சோழவந்தானுக்கு அருகே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. பள்ளிச் சத்துணவு மையத்தில் சமையலர். இரண்டு குழந்தைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர். கடந்த இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாட்கள் வரை நீடிக்கிறது, முதல் மூன்று நாட்களில் நாப்கினோடு பழைய துணியையும் சேர்த்து வைத்தாலும் சேலை நனைந்துவிடுகிறது, கட்டிகட்டியாகப் போகிறது, சில மாதங்களில் இடையிலும் இரண்டு நாள் படுகிறது. அரிசி மூட்டையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 7.8.

இதுவரை மூன்று மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். முதலாமவர் சீட்டில் 'மெனோரேஜியா' என்று எழுதினார். இரண்டாமவர் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பைச் சுவரில் 3 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி இருப்பதாகச் சொல்லி 'மெட்ரோரேஜியா' என்று எழுதினார். மூன்றாமவர் 'ஏ.யு.பி. - எல்' என்று எழுதி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று தேதியும் சொல்லிவிட்டார். வீட்டில் தேடியபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முந்தைய பிரசவச் சீட்டில் 'ஹெமரேஜ்' என்ற சொல்லும் கிடைத்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் 'மெனோ' என்றாலே மாதவிலக்கு நிற்கப் போகிறது என்று பொருள் சொல்லியிருக்கிறார். அக்கா மகன், ஹெமரேஜ் என்பது மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பது என்று பயமுறுத்தியிருக்கிறான். மாமியார் இதைப் 'பெரும்பாடு' என்கிறார். கெட்ட ரத்தம் போவதை மருந்து கொடுத்து அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறார். கணவர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். 'எனக்கு வந்திருப்பது ஒரு நோயா, மூன்று நோயா? இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம்? எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?' என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மகப்பேறு மருத்துவராக மதுரையில் நெடுங்காலம் இருந்துவிட்டேன். மாத்திரையின் பெயரைக் கேட்பவர்கள் உண்டு, செலவைக் கேட்பவர்கள் உண்டு, சீட்டில் எழுதிய நோயின் பெயருக்குப் பொருள் கேட்பவர்கள் மிகக் குறைவு. உங்கள் கேள்விக்கு நேராக விடை சொன்னாலே மற்ற முடிவுகளில் பாதி தெளிந்துவிடும் என்பதால், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

மெனோரேஜியா கிரேக்க வேர்களைக் கொண்டு கட்டிய சொல். 'மேன்' என்றால் மாதம். நம் மொழியில் 'திங்கள்' என்பது நிலவையும் மாதத்தையும் குறிப்பதைப் போல, கிரேக்கத்திலும் 'மேன்' மாதம், 'மேனே' நிலவு. பின்பாதியான 'ரேஜியா', உடைத்துக்கொண்டு வெளிப்படுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மடையைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் அளவாக ஓடும். கரை உடைப்பெடுத்தால் அளவின்றிப் பாயும். கிரேக்கத்தில் முதலாவதற்கு 'ரோயியா', இரண்டாவதற்கு 'ரேஜியா'. வயிற்றுப்போக்கைக் குறிக்கும் 'டயரியா'வில் இருப்பது ஓடுதல். மாதவிலக்கு வராமலே இருப்பதைக் குறிக்கும் 'அமெனோரியா'விலும் அதே ஓடுதல்தான், முன்னால் 'இல்லை' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெனோரேஜியாவில் இருப்பது உடைப்பு. ஆக, 'மாதந்தோறும் வருவது உடைப்பெடுத்தாற்போல் வருகிறது' என்பதே அதன் முழுப் பொருள்.

மெட்ரோரேஜியாவில் உள்ள 'மெட்ரா' கர்ப்பப்பை. மாதக் கணக்குக்குக் கட்டுப்படாமல், இடையில் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் வருவதை அப்படி எழுதுவார்கள். ஹெமரேஜில் உள்ள 'ஹைமா' ரத்தம். ரத்தம் உடைத்துக்கொண்டு வருவது ஹெமரேஜ். அது மூளையிலும் நேரலாம், வயிற்றிலும் நேரலாம், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையிலும் நேரலாம். உங்கள் அக்கா மகன் சொன்னது பொய்யில்லை. அந்தச் சொல் குறிக்கும் பல இடங்களில் ஒன்றை மட்டும் அவன் கேள்விப்பட்டிருக்கிறான். உங்கள் சீட்டில் இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. அந்தச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். பின்னால் அதற்குத்தான் வரப் போகிறேன்.

மருந்துக்கடைக்காரர் 'மெனோ'வைச் சரியாகப் பிடித்துத் தவறான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மெனோபாஸ், மெனோரேஜியா இரண்டிலும் இருப்பது 'மாதம்' என்ற ஒரே சொல். மாரடைப்பு, மார்ச்சளி இரண்டிலும் 'மார்' இருப்பதைப் போல. முதலாவது மாதவிலக்கு நிற்பது, இரண்டாவது மாதவிலக்கு மிகுவது. 'நிற்கப் போகிற காலத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்' என்று இந்த ஊரில் எத்தனை பெண்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. நாற்பதை ஒட்டி மாதக்கணக்கு முன்பின் ஆவது இயல்பு, ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கும்வரை போவது எந்த வயதிலும் இயல்பு ஆகாது.

ஒன்றா, மூன்றா?

ஒன்றுதான். அந்த ஒன்றும் இன்னும் நோயின் பெயர் அல்ல. நீங்கள் 'அதிகமாகப் போகிறது' என்று தமிழில் சொன்னீர்கள். முதல் மருத்துவர் அதையே கிரேக்கத்தில் எழுதினார். 'இடையிலும் படுகிறது' என்றீர்கள். இரண்டாமவர் அதைக் கிரேக்கத்தில் எழுதினார். காய்ச்சல் என்ற சொல் மலேரியாவா டைபாய்டா என்று சொல்வதில்லை அல்லவா? மெனோரேஜியாவும் அப்படிப்பட்ட சொல். அது புற்றுநோயைக் குறிக்கவில்லை. புற்றுநோய் இல்லை என்றும் சொல்லவில்லை.

மெனோரேஜியா என்ற சொல்லை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் கல்லன் வழக்குக்குக் கொண்டுவந்தார். தாவரங்களை இனம் இனமாகப் பிரித்ததைப் போல நோய்களையும் பிரித்துப் பட்டியலிட முனைந்த காலம் அது. வெளியே தெரிவதை வைத்துப் பெயரிட்டார்கள். உள்ளே பார்க்கக் கருவி இல்லை. இருநூறு ஆண்டுகளில் அந்தச் சொல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருளில் புழங்கத் தொடங்கியது. சிலர் அதை அறிகுறிக்குப் பயன்படுத்தினார்கள், சிலர் நோய்க்கே பயன்படுத்தினார்கள். மெட்ரோரேஜியாவிலும் அதே குழப்பம். கடைசியில் பல நாட்டு வல்லுநர்கள் 2005-இல் வாஷிங்டனில் கூடிப் பேசி, இந்தக் கிரேக்கப் பெயர்களை விட்டுவிட்டு, 'அதிக மாதவிலக்கு உதிரப்போக்கு' என்று பெண்ணுக்கும் மருத்துவருக்கும் ஒருசேரப் புரியும் எளிய பெயர்களையே எழுதலாம் என்று பரிந்துரைத்தார்கள். அது 2007-இல் வெளியாயிற்று. பழகிய கை விடுவதில்லை. மெனோரேஜியா இன்னும் சீட்டுகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. என் கையும் அவ்வப்போது எழுதிவிடுகிறது.

உங்கள் மூன்றாவது மருத்துவர் எழுதிய 'ஏ.யு.பி. - எல்' அந்தப் புதிய முறையைச் சேர்ந்தது. ஏ.யு.பி. என்பது இயல்புக்கு மாறான கர்ப்பப்பை உதிரப்போக்கு. அதன்பின் வரும் எழுத்துதான் காரணம். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011-இல் இந்தக் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. கர்ப்பப்பைக்குள் வளரும் சதைத்துணுக்கு, உட்படலம் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்து வீங்குவது, நார்க்கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் ஆகிய நான்கும் ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை. ரத்தம் உறையும் தன்மையில் குறை, கருமுட்டை வெளிப்படுவதில் ஒழுங்கின்மை, கர்ப்பப்பை உட்படலத்தின் கோளாறு, நாம் கொடுக்கும் மருந்தாலோ பொருத்தும் காப்பர்-டி போன்ற சாதனத்தாலோ வருவது, இவற்றில் எதிலும் அடங்காதது ஆகிய ஐந்தும் படத்தில் தெரியாதவை. உங்களுக்கு எழுதியுள்ள 'எல்' நார்க்கட்டி. பெயர்கள் மூன்று இருந்தாலும், காரணத்தைப் பற்றிப் பேச முயன்றது இந்த மூன்றாவது மட்டுமே. அவர் சொன்ன காரணம் சரியாக இருக்கலாம். அது மட்டுமே காரணமா என்பதில்தான் எனக்கு ஐயம்.

மாமியார் சொன்ன பெரும்பாடு

இந்தச் சொல்லுக்காக உங்கள் மாமியாரை எனக்குப் பிடித்துவிட்டது. சித்த மருத்துவத்தில் இந்த நிலைக்கு வழங்கும் பெயரே பெரும்பாடுதான். தமிழ் அகராதிகளிலும் அந்தப் பொருள் உண்டு. பாடு என்பது படுவது, துன்பம். மூன்று மொழிகள் ஒரே நிலையை மூன்று பக்கத்திலிருந்து பார்த்திருப்பதைக் கவனியுங்கள். கிரேக்கச் சொல் உடம்பில் நடப்பதைச் சொல்கிறது. ஆயுர்வேத நூல்களில் வரும் 'அஸ்ருக்தரம்' என்ற வடசொல்லும் அப்படித்தான்: அஸ்ருக் என்றால் ரத்தம், தரம் பிளந்து வெளிப்படுவதைக் குறிக்கும். பெரும்பாடு மட்டும், போகிற ரத்தத்தைப் பேசாமல், அதைச் சுமக்கிற பெண்ணைப் பேசுகிறது. ('மாதவிலக்கு' என்ற சொல்லோ உடம்பையும் பேசவில்லை, பெண்ணையும் பேசவில்லை, வீட்டார் அவளை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைப் பேசுகிறது.)

உங்கள் ஊர்ப்பக்கம் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் இன்னொரு வழியிலும் தெரியும். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிற பெண் 'பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ'. கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது உடைப்பு அல்ல, 'ரத்தம் ஓடுகிறவள்' என்ற சொல். அதை மொழிபெயர்த்தவர்கள் சொல்லுக்குச் சொல் வைக்காமல், தமிழ்நாட்டுப் பெண்கள் வாயில் இருந்த சொல்லை எடுத்து வைத்தார்கள். மாற்கு எழுதியதில், அந்தப் பெண் அநேக வைத்தியர்களிடம் போய்க் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாமல் அதிகமாக வருத்தப்பட்டாள் என்ற வரியும் உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சற்றே தலைகுனிந்து படிக்க வேண்டிய வரி அது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், 'அதிகம்' என்றால் எவ்வளவு என்ற கேள்வியில் நவீன மருத்துவம் ஒரு சுற்றுச் சுற்றி, மாமியாரின் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1960-களில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களையெல்லாம் சேகரித்து, அவற்றிலிருந்த ரத்தத்தை வேதியியல் முறையில் அளந்தார்கள். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் இழப்பவர்களுக்கு ரத்தசோகை மிகுதியாக இருந்தது என்று 1966-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து 80 மில்லி எல்லைக்கோடு ஆயிற்று. டீக்கடைச் சிறிய கிளாஸ் ஒன்று, ஏறக்குறைய. ஆனால் எந்தப் பெண் வீட்டில் அளந்து பார்க்கப் போகிறாள்? எந்த மருத்துவமனை நாப்கினைச் சேகரித்துக் கொண்டுவரச் சொல்லப் போகிறது? பிரிட்டனில் 2007-இல் வெளியான சிகிச்சை வழிகாட்டுதல் மில்லிக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு பெண்ணின் உடல்நலம், மனநலம், சமூக வாழ்வு, பொருள்சார்ந்த வாழ்வு ஆகியவற்றைக் குலைக்கிற அளவு உதிரப்போக்கு எதுவோ அதுவே அதிகம் என்று வரையறுத்தது. அளவை அல்ல, படும் பாட்டைப் பார் என்பதுதான் அதன் சாரம். ஆகவே 'எனக்குப் போவது உண்மையிலேயே அதிகமா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா' என்று இரண்டாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது சுவரோடு ஒட்டி நிற்கிறேன் என்று எழுதியிருப்பதே போதும்.

மாமியாரிடம் நான் உடன்படாத இடம் 'கெட்ட ரத்தம்'. கர்ப்பப்பை வழியே போவதற்கென்று தனியாக ஒரு கெட்ட ரத்தம் உடம்பில் இல்லை. நரம்பில் ஊசி குத்தி எடுத்தால் வருகிற அதே ரத்தம்தான், உதிர்ந்த உட்படலத்தோடு சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு மில்லியோடும் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பும் போகிறது. உணவிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். எனவே முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதாம். வாழைப்பூவும் சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் உடைப்பை அடைக்காமல் வாய்க்காலில் மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் கண்மாய் நிறையாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று வரிகள்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை ஸ்கேன் விவரங்கள் அல்ல. மூன்றாம் பக்கத்தில், 'வயதுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதிகம்தான், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இப்படித்தான்' என்று ஒரு வரி. 'போன வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை' என்று இன்னொரு வரி. இரண்டாவது பிரசவத்தில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பது மூன்றாவது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் மாதத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடியாத அளவு போகிறது என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இவற்றை யாரும் உங்களிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

தொடக்கம் முதலே அதிக உதிரப்போக்கு, பல் பிடுங்கியபின் நிற்காத ரத்தம், பிரசவத்துக்குப் பின் பெரும் உதிரப்போக்கு, குடும்பத்தில் பிறருக்கும் அதே நிலை: இவை சேர்ந்து வந்தால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இவ்வகையில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் குறைபாடு. ஃபின்லாந்து மருத்துவரான எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு 1926-இல் எழுதினார். அவர் ஐந்து வயதில் பார்த்த சிறுமி, பின்னர் பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். நூறாண்டுக்கு முந்தைய கதை அது; இன்று அப்படி ஆக வேண்டியதில்லை. ரத்தத்தை உறையச் செய்யும் ஒரு புரதம் (வான் வில்லிபிராண்ட் காரணி) குறைவாகவோ குறையுடனோ இருப்பதுதான் இந்த நிலை. பெரும்பாலான வகைகளில் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரலாம். ஆணுக்கும் வரும், ஆனால் மாதந்தோறும் அதைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்புப் பெண்ணுக்குத்தான். அதிக மாதவிலக்கோடு வருகிற பெண்களில் நூற்றுக்கு 13 பேர் அளவில் இது இருக்கலாம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரியவந்தது.

உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து அப்படிச் சொல்லவும் முடியாது. நார்க்கட்டியும் இருக்கலாம், இதுவும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் உங்கள் கட்டி 3 செ.மீ.தான், ஸ்கேன் தாளில் உள்ளபடி அது கர்ப்பப்பையின் உட்குழிவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. உட்குழிவுக்குள் நீட்டும் கட்டிதான் அதிகம் ரத்தம் போக வைக்கும். சுவருக்குள் இருக்கும் இந்த அளவுக் கட்டி பல பெண்களுக்குத் தொந்தரவே தராமல் இருக்கும். கட்டி தெரிந்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்வது எங்களுக்கு எளிது. உறையும் குறை இருப்பதை அறியாமல் கத்தி வைத்தால், பல் பிடுங்கியபோது வாயில் நடந்தது வயிற்றுக்குள் நடக்கும். அறிந்து, முன்கூட்டியே அதற்கான மருந்தை ஏற்பாடு செய்துவிட்டால் அதே அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்யலாம். எனவே தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

வழக்கமாக அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் 'ரத்தம் உறையும் நேரம்' சோதனை இதற்குப் போதாது. லேசான குறை இருப்பவர்களுக்கு அது இயல்பாகவே வரக்கூடும். வான் வில்லிபிராண்ட் காரணியின் அளவு, அதன் செயல்திறன், உறைதலுக்கு உதவும் இன்னொரு புரதமான எட்டாம் காரணியின் அளவு ஆகிய மூன்றையும் தனியாகக் கேட்க வேண்டும். காய்ச்சல், கர்ப்பம், கடும் மனஅழுத்தம் ஆகிய நேரங்களில் அந்த அளவு தற்காலிகமாகக் கூடிக் குறையை மறைத்துவிடும் என்பதால், ஒருமுறை இயல்பாக வந்தாலும் மறுமுறை பார்க்கச் சொல்லலாம். பழைய பிரசவச் சீட்டை எறியாதீர்கள் என்றது இதற்குத்தான். ரத்தவியல் மருத்துவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

வேறு என்ன பார்க்க வேண்டும், என்ன செய்யலாம்

தைராய்டு ஒன்று. மாதக்கணக்கு இன்றி இடையில் படுவது உங்களுக்கு இருப்பதால், கர்ப்பப்பை வாயை நேரில் பார்த்து அங்கே ஒரு சோதனையும், கர்ப்பப்பை உட்படலத்திலிருந்து சிறு திசு எடுத்துச் சோதிப்பதும் வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இதைத் தவறாமல் செய்வோம். உங்களைப் போல் நாட்பட்டு நிற்காதவர்களுக்கு அதற்கு முன்பே செய்வது நல்லது. புற்றுநோய் அச்சத்தைத் தீர்ப்பது இந்தச் சோதனைதான், ஸ்கேன் அல்ல. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர் ஆனாலும் ஒரு கர்ப்பச் சோதனையும் செய்துவிடுவது வழக்கம். தவறாக எண்ண வேண்டாம். 'கர்ப்பப்பையைக் கழுவிவிட்டால் சரியாகிவிடும்' என்று பக்கத்து வீட்டார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சுரண்டி எடுப்பது காரணத்தை அறிவதற்கு. அதை மட்டுமே சிகிச்சையாக நம்பினால் ஓரிரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

இதற்கிடையில் இரும்பை நிரப்பத் தொடங்கிவிடலாம், எந்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு எடுங்கள். டீயோடும் பாலோடும் வேண்டாம். மலம் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு ஏற்காவிட்டால் நரம்பு வழியே இரும்பு ஏற்றலாம். அரசு மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு.

ரத்தப்போக்கைக் குறைக்க முதலில் கேட்க வேண்டியது டிரானெக்சாமிக் அமிலம். உடம்பு உறைய வைத்த ரத்தத்தை உடம்பே சீக்கிரம் கரைத்துவிடாமல் தடுக்கும் மருந்து அது. ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ என்ற பெண் மருத்துவர், பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களைக் காக்க வேண்டும் என்று தேடத் தொடங்கி, கணவரோடு சேர்ந்து 1962-இல் கண்டறிந்தது. அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டிய வரலாறு உள்ளவர்களுக்குக் கூடாது. எனவே மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது. வலிக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையை, உறையும் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். மற்றவர்களுக்கு ரத்தப்போக்கையும் குறைக்கக்கூடிய அந்த மருந்தே, உறையும் குறை உள்ளவர்களுக்கு எதிராகத் திரும்பலாம். ஆஸ்பிரின் கலந்த எதுவும் வேண்டாம்.

நீண்ட நாளுக்கு, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஒன்று உண்டு. 'குடும்பக் கட்டுப்பாடு செய்தவளுக்கு எதற்குக் காப்பர்-டி' என்று வீட்டில் கேட்பார்கள். அது காப்பர்-டி அல்ல. காப்பர்-டி ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். இது உட்படலத்தை மெலிதாக்கிக் குறைக்கும். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாகப் படும், அதைத் தாங்கிக் கடந்தால் ஐந்து ஆண்டுகள் வரை பயன் தரும். உங்கள் வயதுக்கு, மாதவிலக்கு தானாக நிற்கும் காலத்துக்கு அருகில் அது கொண்டுபோய் விட்டுவிடலாம். என் மதிப்பீட்டில், சோதனைகளில் வேறொன்றும் தெரியாவிட்டால் உங்களுக்கு முதலில் முயல வேண்டியது இதுதான்.

கர்ப்பப்பையை எடுப்பது பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை. மற்றவை பயன்படாதபோது அதுவே சரியான முடிவு. எடுத்தபின் நிம்மதியாக இருக்கும் எத்தனையோ பேரை அறிவேன். ஆனால் 'எல்லாம் தீர்ந்துவிடுமா' என்றால், மாதவிலக்கு தீரும். உறையும் குறை இருந்தால் அது உங்களோடேயே இருக்கும். அத்துடன் 'கர்ப்பப்பையை எடுக்கிறோம்' என்று சொல்லும்போது சினைப்பைகளையும் சேர்த்தா என்று கேளுங்கள். காரணமின்றி 43 வயதில் அவற்றையும் எடுத்தால், மாதவிலக்கு நிற்பதன் எல்லா விளைவுகளும் ஒரே நாளில் வந்து சேரும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது நல்லதல்ல.

யார் கையெழுத்து?

உங்களுடையது. கணவர் உடனிருப்பதும் ஆலோசிப்பதும் நல்லது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதமே சம்மதம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமிரா கோலி வழக்கு உங்களுடையதைப் போன்றதுதான்: நிற்காத உதிரப்போக்கோடு போன 44 வயதுப் பெண், உள்ளே பார்த்துக் கண்டறியும் சோதனைக்கு மட்டுமே சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இருந்தாலொழிய வேறு யாரும் உங்களுக்காகச் சம்மதிக்க முடியாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எதை எடுக்கப் போகிறார்கள் என்பது அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதால் முதல் மருத்துவரை அவமதித்ததாக ஆகாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தாலோ இந்தக் கடிதத்தையும் சோதனைகளையும் மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அவசரம் இல்லாத நாளில், காலையிலேயே கிளம்பி மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். உறைதல் சோதனைக்கு அங்கிருந்து உரிய பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூன்று சீட்டுகள், ஸ்கேன் தாள், பழைய பிரசவச் சீட்டு ஆகியவற்றோடு, பல் பிடுங்கிய விவரத்தை ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த அக்காவிடம், அறுவை சிகிச்சையின்போது ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் சோதனை முடிவு எப்படி வந்தாலும் மகளுக்கும் தனியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவள் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் எடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். முடிவை அது மாற்றிக் காட்டக்கூடும்.